கவுண்ட், கிரேடு, பேலியேட்டிவ்: சிகிச்சைக் கோப்பில் இருக்கும் சொற்கள் என்ன சொல்கின்றன?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களின் வீட்டார் அனுப்பியவை. டிஸ்சார்ஜ் சீட்டிலோ ஸ்கேன் ரிப்போர்ட்டிலோ பார்த்த சொல்லை அப்படியே எழுதி, ‘இது நல்லதா, கெட்டதா?’ என்று கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் வீட்டில் செய்ய வேண்டிய ஏதாவது ஒரு வேலை இருக்கிறது. பெரும்பாலும் அதற்கு ஒரு கெடுவும் இருக்கிறது. அதற்குத்தான் இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். மருந்தளவுகள் விளக்கத்துக்காகச் சொல்லப்பட்டவை. உங்கள் சீட்டில் உள்ள அளவே உங்களுக்கானது.

அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘கிரேடு 3’ என்று இருக்கிறது. மூன்றாம் ஸ்டேஜ் என்று வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

இரண்டும் வேறு வேறு. கிரேடு என்பது மைக்ராஸ்கோப்பில் செல்கள் எப்படித் தெரிகின்றன என்பது. இயல்பான செல்லிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன, எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்று பார்த்து நோயியல் மருத்துவர் போடும் எண் அது. நோய் உடலில் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைச் சொல்வது ஸ்டேஜ். கிரேடு 3 கட்டி ஸ்டேஜ் 1-இல் இருக்கலாம்; கிரேடு 1 கட்டி ஸ்டேஜ் 4-க்குப் போயிருக்கவும் கூடும். ஸ்கேன்கள் முடியும்வரை ஸ்டேஜைப் பற்றி யாரும் முடிவாகச் சொல்ல முடியாது. ஆகவே பயாப்ஸி தாளை மட்டும் வைத்துக்கொண்டு அழ வேண்டாம்.

ஸ்டேஜை மூன்று எழுத்துகளில் எழுதுவார்கள். ‘டி’ கட்டியின் அளவும் ஆழமும், ‘என்’ நெறிக்கட்டிகள், ‘எம்’ தொலைவில் உள்ள உறுப்புகளுக்குப் பரவியதா என்பது. எண்ணுக்குப் பதிலாக ‘எக்ஸ்’ என்றிருந்தால் அதை இன்னும் மதிப்பிட முடியவில்லை என்று பொருள். ஆபத்தான குறி அல்ல. முன்னால் சின்ன ‘சி’ இருந்தால் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்துச் சொன்னது, ‘பி’ இருந்தால் அறுவை சிகிச்சையில் எடுத்த திசுவைப் பார்த்துச் சொன்னது. இரண்டும் வேறுபடுவது சகஜம். அப்போது ‘நோய் ஒரு மாதத்தில் முற்றிவிட்டது’ என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்பு கண்ணுக்குப் படாதது இப்போது பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எண் ஒன்றாக இருந்தாலும் எல்லாப் புற்றுநோயிலும் அதன் எடை ஒன்றல்ல. நிணநீர் மண்டலப் புற்றுநோயான லிம்ஃபோமாவில் ஸ்டேஜ் 4 என்றாலும் முழுக் குணத்தை நோக்கியே சிகிச்சை தொடங்கும் வகைகள் உண்டு. தைராய்டு புற்றுநோயின் பொதுவான வகைகளில் 55 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு நோய் நுரையீரல்வரை பரவியிருந்தாலும் இன்றைய கணக்கில் ஸ்டேஜ் 2-தான். பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதில் எந்தப் பயனும் இல்லை.

மார்பில் கட்டி. உடனே அறுவை சிகிச்சை செய்யாமல் ‘நியோஅட்ஜுவன்ட்’ என்று எழுதி கீமோ கொடுக்கிறார்கள். தள்ளிப்போடுகிறார்களா?

தள்ளிப்போடவில்லை. அறுவை சிகிச்சைக்கு முன் தரும் மருந்து சிகிச்சைக்கு நியோஅட்ஜுவன்ட் என்று பெயர். பின்னால் தருவது அட்ஜுவன்ட். முன்னால் தந்தால் கட்டி சுருங்கி, முழு மார்பையும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க வழி பிறக்கலாம். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு: மருந்து வேலை செய்கிறதா என்று கண்ணெதிரே தெரியும். கட்டியை முதலிலேயே எடுத்துவிட்டால் அதைப் பார்க்க வழியில்லை. கீமோ தொடங்குமுன் கட்டிக்குள் மிகச் சிறிய உலோகக் கிளிப் ஒன்றை வைப்பார்கள். மருந்தில் கட்டி முழுக்கக் கரைந்துபோனாலும் எந்த இடத்தை அறுத்து எடுப்பது என்று தெரிய வேண்டுமே! உங்களுக்குக் கிளிப் வைத்தார்களா என்று முதல் கீமோவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

‘சைக்கிள் 21 நாள், டே 1 மட்டும்’ என்று எழுதியிருக்கிறது. மற்ற 20 நாள் சும்மா இருக்கலாமா? ‘கவுண்ட் இறங்கும், பத்தாம் நாள் ரத்தம் பார்க்கணும்’ என்கிறார்கள். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுக்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கொடுக்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

மருந்து ஏற்றும் நாள் ‘டே 1’. அடுத்த மருந்து ஏற்றும் நாள் வரையிலான காலம் ஒரு சைக்கிள். சிகிச்சைத் திட்டத்தைப் பொறுத்து 14, 21 அல்லது 28 நாட்கள் இருக்கும். வேகமாகப் பிரியும் செல்களைத்தான் பெரும்பாலான கீமோ மருந்துகள் தாக்குகின்றன. எலும்பு மஜ்ஜையும் ஓயாமல் செல்களைப் பிரித்துப் புது ரத்த அணுக்களை உண்டாக்குகிற இடம் என்பதால் அதுவும் அடிவாங்குகிறது. முதல் சில நாட்களுக்கு ஏற்கெனவே முதிர்ந்து வந்துகொண்டிருந்த அணுக்கள் தாக்குப்பிடிக்கும். அவை தீர்ந்ததும், பொதுவாக 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாளுக்குள், வெள்ளை அணுக்கள் மிகக் கீழே இறங்கும். இந்தப் பள்ளத்தைத்தான் கோப்பில் ‘நேடிர்’ என்று எழுதுகிறார்கள். மூன்று, நான்கு வாரத்துக்குள் மஜ்ஜை மீண்டுவிடும்; அடுத்த டோஸை அதற்குப் பிறகு வைப்பதன் காரணம் அதுதான். லோமஸ்டின் போன்ற சில மருந்துகளில் இந்தப் பள்ளம் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து வரும். ஆகவே ‘எங்கள் மருந்துக்கு எந்த நாளில் கவுண்ட் மிகக் குறையும்?’ என்று கேட்டு, அந்த நாட்களைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

எந்தக் கவுண்ட் என்பதும் முக்கியம். மொத்த வெள்ளை அணு எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். கிருமிகளை முதலில் எதிர்கொள்வது நியூட்ரோஃபில்; அதன் நேரடி எண்ணிக்கையை ‘ஏ.என்.சி.’ என்பார்கள். ரிப்போர்ட்டில் தனியாக இல்லாவிட்டால் நீங்களே கணக்கிடலாம். மொத்த வெள்ளை அணு 2,000, நியூட்ரோஃபில் 20 சதவீதம் என்றால் ஏ.என்.சி. 400. ‘பேண்ட்’ (முழுதும் முதிராத நியூட்ரோஃபில்) என்று தனி சதவீதம் போட்டிருந்தால் அதையும் நியூட்ரோஃபிலோடு கூட்டிக்கொள்ள வேண்டும். 1,500-க்குக் கீழே வந்தால் குறைவு, 500-க்குக் கீழே போனால் கடுமையான குறைவு.

இப்போது காய்ச்சல். நியூட்ரோஃபில் இல்லாத உடலில் தொற்று வந்தாலும் சீழ் பிடிக்காது, வீங்காது, சிவக்காது; அவற்றை உண்டாக்குவதே அந்த அணுக்கள்தான். பல சமயம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். பாராசிட்டமால் அந்த ஒரே அடையாளத்தையும் மறைத்துவிடும். சூடு தணிந்ததும் வீட்டார் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். கிருமி ரத்தத்தில் பெருகிக்கொண்டிருக்கும். டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் காய்ச்சலே வராமல்கூடத் தொற்று இருக்கலாம். அவர்களுக்கு நடுக்கம், திடீர்ச் சோர்வு, தலைசுற்றல், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைவது ஆகியவையே போதுமான எச்சரிக்கை.

வீட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று இருக்க வேண்டும். வாயில் அளப்பதானால் சூடாகவோ குளிராகவோ குடித்து 20 நிமிடம் ஆகியிருக்க வேண்டும். ஆசனவாயில் வைத்து அளக்கவே கூடாது. சிறு கீறல்கூடக் கிருமிக்கு வாசலாகிவிடும். எனிமாவுக்கும் இதே தடை பொருந்தும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் நேரம் எதுவானாலும் மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்துவிட்டுக் கிளம்புங்கள். மறுபடி அளந்து பார்க்கலாம், விடியட்டும் என்று காத்திருப்பதில்தான் உயிர்கள் போகின்றன. போனதும் முதல் வாக்கியம் இப்படி இருக்கட்டும்: ‘கீமோ ஏற்றிப் பத்து நாள் ஆகிறது, காய்ச்சல் 38.2.’ அதைக் கேட்டால் வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள், உட்கார வைக்கவும் கூடாது. எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ரத்தம் எடுத்துவிட்டு (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் ‘போர்ட்’ வைத்திருந்தால் அதிலிருந்தும் கை நரம்பிலிருந்தும்) ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக்கை நரம்பில் தொடங்குவதே இலக்கு. ஏ.என்.சி. முடிவுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களும் (பிளேட்லெட்) இதே காலத்தில் இறங்கும். இயல்பு 1.5 லட்சத்துக்கு மேல். பொதுவாக 10,000-க்குக் கீழே போனால் ரத்தக் கசிவு இல்லாவிட்டாலும் தட்டணு ஏற்றுவார்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் தட்டணுக்களின் வேலையையும் கெடுக்கும். தலைவலிக்கு வீட்டில் கிடக்கும் மாத்திரையைப் போடும் பழக்கத்தைக் கீமோ காலத்தில் விட்டுவிடுங்கள்.

கீமோ முடிந்த மறுநாள் போட ஓர் ஊசி கொடுத்தார்கள். அன்றைக்கே போட்டுவிட்டால் இன்னொரு முறை போக வேண்டாமே? போட்டபின் இடுப்பெலும்பு உடைந்துவிடும் போல வலிக்கிறது.

அது ‘ஜி.சி.எஸ்.எஃப்.’ எனப்படும், நியூட்ரோஃபில் உற்பத்தியைத் தூண்டும் ஊசி. தூண்டினால் மஜ்ஜைச் செல்கள் வேகமாகப் பிரியும். கீமோ மருந்து உடலில் இருக்கும்போது பிரிகிற செல்தான் முதலில் சாகும். அதனால்தான் குறைந்தது 24 மணி நேர இடைவெளி. உடம்பில் ஒட்டி, மறுநாள் தானே மருந்தைச் செலுத்தும் சிறு கருவியும் சில இடங்களில் உண்டு. அலைச்சல் சிரமமென்றால் அதைப் பற்றிக் கேளுங்கள்.

வலி வருவதற்குக் காரணம் மஜ்ஜை சுறுசுறுப்பாக வேலை செய்வது. மஜ்ஜை அதிகமுள்ள இடுப்பு, கீழ்முதுகு, நெஞ்செலும்பு ஆகிய இடங்களில் வரும். சில நாளில் அடங்கும். இங்கே ஒரு சிக்கல்: இந்த வலிக்குப் பாராசிட்டமால் எழுதித் தருவது வழக்கம். மேலே சொன்னதோடு இது முரண்படுவது போலத் தோன்றும். மாத்திரை போடுமுன் ஒவ்வொரு முறையும் காய்ச்சல் அளந்து குறித்துவிட்டுப் போடுங்கள், முரண்பாடு தீர்ந்தது. இடது விலாவுக்குக் கீழோ இடது தோள் நுனியிலோ கடும் வலி வந்தால் மட்டும் அது வேறு விஷயம். மண்ணீரல் வீங்கியிருக்கக்கூடும், உடனே போக வேண்டும்.

ஊசியை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் கூடாது, குலுக்கவும் கூடாது. போடுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் குறையும்.

போர்ட் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அம்மாவுக்குப் பயம். கையிலேயே ஏற்றினால் என்ன?

ஏற்றலாம், எல்லா மருந்தையும் அல்ல. டாக்ஸோரூபிசின், வின்கிரிஸ்டின் போன்றவை நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையையே அழித்துவிடும். கையில் உள்ள சிறு நரம்பில் அந்த அபாயம் அதிகம். போர்ட் என்பது தோலுக்கடியில் வைக்கும் சிறு அறை. அதிலிருந்து ஒரு குழாய் இதயத்துக்கு அருகில் உள்ள பெரிய நரம்புக்குப் போகும். அங்கே ரத்த ஓட்டம் வேகமானது என்பதால் மருந்து உடனே நீர்த்துவிடும். ஊசி குத்தாத நாட்களில் குளிக்கலாம், வேலை செய்யலாம். பயன்படுத்தாத காலத்தில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை கழுவி விட வேண்டும்; இந்த இடைவெளியை நீட்டியிருக்கும் மருத்துவமனைகளும் உண்டு. போர்ட்டுக்கு அதற்கென்றே உள்ள ‘ஹூபர்’ ஊசியைத்தான் குத்த வேண்டும். சாதாரண ஊசி மேலுள்ள சிலிக்கானைச் செதுக்கி எடுத்துவிடும். பிறகு அங்கே கசியும். வேறொரு மருத்துவமனையில் அவசரத்துக்கு ரத்தம் எடுக்க நேர்ந்தால் இதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

மேல்கையில் வைக்கும் ‘பிக் லைன்’ அறுவை சிகிச்சை இல்லாமலே வைக்கப்படும். ஆனால் முனை வெளியே தொங்கும். வாரம் ஒருமுறை டிரெஸ்ஸிங் மாற்றிக் கழுவ வேண்டும், நனையக் கூடாது, அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது. சில வாரத் தேவைக்கு இது போதும். மாதக்கணக்கில் சிகிச்சை என்றால் எங்கள் ஓட்டு போர்ட்டுக்கு.

கையில் ஏற்றும்போது எரிந்தாலோ, இறுகினாலோ, வீங்கினாலோ அந்த விநாடியே நர்ஸை அழையுங்கள். ‘முடியப்போகுதே, பொறுத்துக்கலாம்’ என்பது இங்கே மிகத் தவறான பொறுமை. மருந்தை நிறுத்தி, ஊசியை எடுக்குமுன் அதன் வழியாகவே கசிந்ததை உறிஞ்சிப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்தபின் தெரிந்தாலும் நீங்களாக ஐஸோ வெந்நீரோ வைக்காதீர்கள். டாக்ஸோரூபிசின் கசிவுக்குக் குளிர் ஒத்தடம், வின்கிரிஸ்டினுக்குச் சூடு. மாற்றி வைத்தால் சேதம் கூடும்.

முதல் நாள் வாந்தியே இல்லை. மாத்திரை எதற்கு என்று விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் தண்ணீர்கூட நிற்கவில்லை.

வாந்தியில் ‘தாமதமானது’ என்று ஒரு வகை உண்டு. 24 மணி நேரத்துக்குள் வருவது உடனடி வகை. அதற்குப் பிறகு தொடங்கி ஐந்து நாள்வரை வாட்டுவது தாமத வகை. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தில் இது பேர்போனது. இரண்டுக்கும் மூளையில் தூண்டப்படும் பாதைகள் வேறு, மருந்துகளும் வேறு. ஒண்டான்செட்ரான் முதல் நாள் வாந்தியை நன்றாகத் தடுக்கும். இரண்டாம், மூன்றாம் நாளுக்குத்தான் அப்ரெபிட்டண்ட், டெக்ஸாமெத்தசோன், இரவில் ஓலன்சபின் என்று எழுதியிருப்பார்கள். அப்ரெபிட்டண்ட் வழக்கமாக முதல் நாள் 125 மி.கி., அடுத்த இரு நாள் 80 மி.கி. என்று ஒரே பெட்டியில் வரும். மூன்றும் சேர்ந்ததுதான் ஒரு கோர்ஸ். ஓலன்சபின் மனநோய் மருந்தாயிற்றே என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு நிறுத்துகிறவர்கள் உண்டு. குமட்டலுக்குச் சிறு அளவில் தருவது நன்கு நிலைபெற்ற முறை.

சீட்டில் ‘எஸ்.ஓ.எஸ்.’ என்றிருப்பது மட்டுமே தேவைப்பட்டால் போடுவது. மற்றவற்றை வாந்தி இல்லாவிட்டாலும் நேரத்துக்குப் போட வேண்டும். டெக்ஸாமெத்தசோனைக் காலையில் கொடுங்கள், மாலையில் கொடுத்தால் தூக்கம் போய்விடும். சர்க்கரை நோய் இருந்தால் அந்த நாட்களில் சர்க்கரை ஏறும். ஒண்டான்செட்ரான் மலத்தைக் கட்டும்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு: மருத்துவமனை வாசனை பட்டதுமே, மருந்து ஏற்றுமுன்பே குமட்டுவது. முந்தைய சைக்கிள்களில் வாந்தி சரியாக அடக்கப்படாததன் விளைவு அது. ஒருமுறை வேரூன்றினால் போக்குவது கடினம். அதற்காகவே முதல் சைக்கிளில் மாத்திரையைத் தவறவிடக் கூடாது என்கிறோம்.

‘மியூக்கோசைட்டிஸ் கிரேடு 2’ என்றால்? வாய் கொப்பளிக்க எதை வாங்குவது?

வாய், தொண்டை உள்தோல் உரிந்து புண்ணாவது மியூக்கோசைட்டிஸ். கிரேடு 2 என்றால் வலி இருக்கிறது, ஆனால் உணவை மாற்றிக்கொண்டால் சாப்பிட முடிகிறது. (கட்டியின் கிரேடோடு இதைக் குழப்ப வேண்டாம், பக்கவிளைவுகளுக்கும் 1 முதல் 5 வரை தனிக் கிரேடு உண்டு.) கீமோவுக்குப் பின் ஐந்து முதல் ஏழு நாளில் தொடங்கும்.

எதையும் வாங்க வேண்டாம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. தினமும் புதிதாகக் கலக்கி, உணவுக்குப் பின்பும் படுக்குமுன்பும் உட்பட நான்கிலிருந்து ஆறு முறை அரை நிமிடம் கொப்பளித்துத் துப்புங்கள். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போடாதீர்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரிச்சலைக் கூட்டும். 5-ஃப்ளூரோயூராசில் மருந்தை வேகமாகச் செலுத்தும் முறையில், ஐந்து நிமிடம் முன்பே தொடங்கி அரை மணி நேரம் ஐஸ் துண்டுகளை வாயில் உருட்டினால் புண் வருவது குறையும். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி வாய்க்கு வரும் மருந்து குறைகிறது. அதோடு ஆக்ஸாலிபிளாட்டினும் ஏற்றுகிறவர்கள் மட்டும் இதைச் செய்யக் கூடாது. அந்த மருந்துக்குப் பின் சில நாள் குளிர்ந்தது பட்டாலே தொண்டை இறுகுவது போலிருக்கும்.

‘60 கிரே, 30 ஃப்ராக்‌ஷன்’ என்று ரேடியேஷன் எழுதியிருக்கிறது. இரண்டு நாள் விட்டுப்போனால் பரவாயில்லையா? குழந்தையைத் தூக்கலாமா?

தூக்கலாம். வெளியே இருக்கும் இயந்திரத்திலிருந்து கதிர் பாய்ச்சும்போது, இயந்திரம் நின்றதும் கதிரும் நின்றுவிடும். உடலில் எதுவும் தங்காது. தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் விழுங்குபவர்களுக்குத்தான் சில நாள் விலகியிருக்கும் விதிகள் உண்டு.

கிரே என்பது திசு வாங்கிக்கொள்ளும் கதிரின் அளவு. ஃப்ராக்‌ஷன் என்பது தவணை. 60 கிரேயை 30-ஆல் வகுத்தால் தினம் 2 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். ஏன் பிரித்துத் தருகிறார்கள் என்றால், இரு தவணைகளுக்கு நடுவே நல்ல செல்கள் தம்மைச் சரிசெய்துகொள்ளும். புற்றுச் செல்களுக்கு அந்தத் திறமை குறைவு. ஆனால் இடைவெளி நீண்டால் புற்றுச் செல்களும் பெருகத் தொடங்கும். தலை, கழுத்து, கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் மொத்தச் சிகிச்சைக்காலம் நீளுவது பலனை நேரடியாகக் குறைக்கும். ஆகவே பரவாயில்லை என்று சொல்ல முடியாது. தவறவே நேர்ந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள். ஈடுசெய்யத் திட்டம் மாற்றுவார்கள்.

முகத்துக்கு மாஸ்க் செய்திருந்தால், எடை குறைந்ததும் அது தளர்ந்து கதிர் படும் இடம் விலகக்கூடும். தளர்ந்ததாகத் தோன்றினால் டெக்னீஷியனிடம் அன்றே சொல்லுங்கள். தோல் கருமையும் எரிச்சலும் சிகிச்சை முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில்தான் உச்சத்துக்குப் போகும். முடிந்தபின் ஏன் கூடுகிறது என்று பயப்பட வேண்டாம்.

ஸ்கேனில் ‘ஸ்டேபிள் டிசீஸ்’. மூன்று மாத மருந்து வீண்தானே?

கட்டிகளின் விட்டங்களைக் கூட்டிக் கணக்கிடுகிறார்கள். கூட்டுத்தொகை 30 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தால் ‘பார்ஷியல் ரெஸ்பான்ஸ்’. 20 சதவீதமோ அதற்கு மேலோ கூடினால், அதுவும் 5 மில்லிமீட்டராவது கூடியிருந்தால், ‘ப்ரோக்ரெஷன்’. புதுக் கட்டி தோன்றினாலும் அதே பெயர். இடைப்பட்டதெல்லாம் ‘ஸ்டேபிள்’. அதாவது 28 சதவீதம் சுருங்கியவருக்கும் இதே சொல்தான் வரும். பரவிய நோயில் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்தியதே மருந்தின் வேலைதான். வலியும் இருமலும் குறைந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான் மருத்துவர் தொடர்வதா மாற்றுவதா என்று முடிவெடுப்பார்.

ஆன்காலஜிஸ்ட் (புற்றுநோய் மருத்துவர்) ‘பேலியேட்டிவ் கேர் டாக்டரையும் பாருங்கள்’ என்று எழுதியிருக்கிறார். கைவிட்டுவிட்டாரா? கீமோவும் தொடரும் என்கிறார், குழப்பமாக இருக்கிறது.

கோப்பில் இந்தச் சொல் இரண்டு விதமாக வரும். ‘பேலியேட்டிவ் கீமோ’ என்றால் சிகிச்சையின் நோக்கம் முழுக் குணம் அல்ல, நோயைக் கட்டுப்படுத்தி ஆயுளையும் ஆறுதலையும் கூட்டுவது. ‘பேலியேட்டிவ் கேர்’ என்பது ஒரு மருத்துவத் துறை: வலி, மூச்சுத்திணறல், குமட்டல், தூக்கமின்மை, மனச்சோர்வு, வீட்டாரின் கவலை ஆகியவற்றைக் கவனிப்பது. முழுக் குணம் ஆகப்போகிறவருக்கும் வாய்ப்புண் வலி தாங்கவில்லை என்றால் இந்தத் துறை உதவும். இறுதி மாதங்களுக்கான ‘ஹாஸ்பிஸ்’ பராமரிப்பு இதன் ஒரு பகுதி மட்டுமே.

2010-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதில் திருப்புமுனை. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே பேலியேட்டிவ் கேரும் தரப்பட்டது. அவர்களுடைய வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது, மனச்சோர்வு குறைந்தது; ஆயுளின் இடைநிலை அளவு 11.6 மாதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம். ஆக, ஆரம்பத்திலேயே அனுப்புகிற ஆன்காலஜிஸ்ட் கைவிடுகிறவர் அல்ல. கடைசி வாரத்தில் அனுப்புகிறவரிடம்தான் கேள்வி கேட்க வேண்டும்.

முதல் சந்திப்பில் ஒன்பது தொல்லைகளுக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். ‘பரவாயில்லை டாக்டர்’ என்று எல்லாவற்றுக்கும் 2 போடுவது நம்மவர்கள் வழக்கம். இரவில் வலி 8 என்றால் 8 என்றே போடுங்கள். மருந்தளவு அந்த எண்ணைப் பார்த்துத்தான் அமையும்.

போகும்போது ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: ‘இந்தச் சிகிச்சையின் நோக்கம் குணமாக்குவதா, கட்டுப்படுத்துவதா?’ பல குடும்பங்கள் ஆறு சைக்கிள் முடிந்தபிறகும் இதைக் கேட்காமலே இருக்கின்றன. நோயாளிக்கு எவ்வளவு சொல்வது என்பதை நோயாளியிடமே கேட்கலாம். அவர் பெரும்பாலும் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் அறிந்திருப்பார்.

‘மார்பின்’ என்ற வலி மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள். பழக்கமாகிவிடும் என்று அப்பா வலி பொறுக்க முடியாதபோது மட்டும் போடுகிறார். சரியா?

அப்படிப் போட்டால் வலியும் அடங்காது, பக்கவிளைவும் மிஞ்சும். சாதாரண மார்பின் மாத்திரை அரை மணி நேரத்தில் வேலை தொடங்கி சுமார் நான்கு மணி நேரம் நிற்கும். ஆகவே நான்கு மணிக்கு ஒருமுறை, வலி இல்லாவிட்டாலும் போட வேண்டும். வலி தலைதூக்கியபின் அதை அடக்க அதிக மருந்து தேவைப்படும்.

இடையில் திடீரென்று எகிறும் வலிக்குத் தனி டோஸ் உண்டு. பொதுவாக ஒரு நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு. நான்கு மணிக்கு ஒருமுறை 10 மி.கி. என்றால் நாளைக்கு 60, இடைடோஸ் 10. போட்ட இடைடோஸ்களை நேரத்தோடு எழுதி வையுங்கள். தினமும் மூன்று, நான்கு தேவைப்பட்டால் அடிப்படை அளவைக் கூட்ட வேண்டும் என்று அந்தத் தாளே மருத்துவருக்குச் சொல்லிவிடும். 12 மணி நேரம் நிற்கும் மாத்திரைக்கு மாற்றினால் அதை உடைக்கவோ மெல்லவோ பொடிக்கவோ கூடாது. 12 மணி நேரத்து மருந்து மொத்தமும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். மூக்குக்குழாய் வழியாக உணவு பெறுகிறவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மயக்கம் இரண்டு மூன்று நாளில் தெளியும். குமட்டல் ஒரு வாரத்தில் பழகிவிடும். மலச்சிக்கல் மட்டும் ஒருபோதும் பழகாது. மார்பின் இருக்கும்வரை அதுவும் இருக்கும். எனவே முதல் மாத்திரையோடு மலமிளக்கியும் தொடங்க வேண்டும், அதுவும் குடலைத் தூண்டும் சென்னா, பைசகோடில் வகை. நார்த்தூள் மட்டும் கொடுத்துத் தண்ணீர் குறைவாகக் குடித்தால் மலம் கட்டியாக அடைத்துக்கொள்ளும். மார்பினை நிறுத்திவிட்டவர்களில் பலர் நிறுத்தியது வலி போனதால் அல்ல, மலம் போகாததால்.

உடல் பழகுவதும் போதைக்கு அடிமையாவதும் ஒன்றல்ல. சில வாரம் எடுத்தபின் திடீரென நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுப்போக்கு வரும். அது உடல் பழகியதன் அடையாளம். படிப்படியாகக் குறைத்தால் வராது. எலும்பு வலிக்கு ஒரே தவணையாக 8 கிரே ரேடியேஷன் தருவதுண்டு. முதல் சில நாள் வலி சற்றுக் கூடி, சில வாரத்தில் நன்றாகக் குறையும். அப்போது பழைய அளவு மார்பினே அதிகமாகிவிடும், குறைக்கக் கேளுங்கள்.

எழுப்பினால் எழாத தூக்கம், மிக மெதுவான மூச்சு, ஊசிமுனை போன்ற கண்மணி, கைகால் தூக்கிப்போடுவது — இவற்றில் எது வந்தாலும் அடுத்த டோஸைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனையை அழையுங்கள். வாந்தி பேதியில் நீர் வற்றிச் சிறுநீரகம் தளரும்போது மார்பினின் எச்சங்கள் வெளியேறாமல் தேங்கும். நேற்றுவரை சரியாக இருந்த அளவு இன்று கூடுதலாவது பெரும்பாலும் அப்படித்தான்.

வலிப் பட்டை, அதாவது ஃபென்டானில் பேட்ச் ஒட்டினால் முதல் 12 மணி நேரத்துக்குப் பலன் தெரியாது. அதுவரை பழைய மாத்திரை வேண்டும். 72 மணிக்கு ஒருமுறை வேறு இடத்தில் மாற்ற வேண்டும். அதன்மேல் வெந்நீர்ப் பை வைத்தாலும், கடும் காய்ச்சல் வந்தாலும் மருந்து வேகமாக இறங்கும். கழற்றிய பட்டையில் இன்னும் மருந்து இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே போக மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் அகற்றுங்கள்.

இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) முடிந்து இரண்டு மாதம். பேதி. கீமோ சமயத்தில் தந்த மாத்திரையே போதுமா?

போதாது, தேடியெடுத்துப் போடவும் வேண்டாம். கீமோ பேதி குடல் தோல் சேதத்தால் வருவது. இம்யூனோதெரபியில் தூண்டிவிடப்பட்ட எதிர்ப்பு அணுக்கள் குடலையே தாக்குவதால் வரும். மருந்து நின்று மாதங்கள் கழித்தும் வரலாம். பேதியை அடக்கும் மாத்திரை அறிகுறியை மறைக்கும், குடல் அழற்சி உள்ளே வளரும். தேவைப்படுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு. வழக்கத்தைவிட நான்கு முறை கூடுதலாகப் போனாலோ, ரத்தம் கலந்தாலோ, வயிற்றுவலி இருந்தாலோ அன்றே அழையுங்கள். புது இருமல், மூச்சிரைப்பு, கடும் சோர்வு, மஞ்சள் கண் ஆகியவையும் இதே கணக்கில் சேரும். எந்த மருத்துவமனைக்கு எந்த நோவுக்குப் போனாலும், ‘இம்யூனோதெரபி எடுத்திருக்கிறேன்’ என்று மருந்தின் பெயரும் கடைசித் தேதியும் எழுதிய அட்டையைக் காட்டுங்கள்.